ரொட்டி யாருக்கு

ராசிங்காபுரம்
11 மார்ச்

மாப்ளைக்குச் சுருளியம்மாள் எழுதுவது.

போனில் பேசலாம்தான். பேசினால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். நீங்கள் "டவர் இல்ல மதினி" என்று வைத்துவிடுவீர்கள். எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காசிராஜன்தான் தினமும் இங்கேயிருந்து ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு உங்கள் எஸ்டேட்டுக்கு வருகிறானே, அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும். யாருக்குக் காய்ச்சல்?

யாருக்கும் இல்லை என்று எழுதவேண்டாம். காசிராஜன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். "அக்கா, ஒங்க தங்கச்சி மாப்ள பூப்பாறைல ரொட்டி வாங்கியாரச் சொல்றாரு. பெரிய பாக்கெட்டு. மறந்துட்டு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாரு" என்றான். ஒரு நாள் இல்லை, ஒரு மாதமாக வாங்குகிறீர்களாம்.

நம்மவர்கள் ரொட்டி எதற்கு வாங்குவோம்? காய்ச்சல்காரனுக்குப் பாலில் நனைத்துக் கொடுக்க வாங்குவோம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் வாங்குவோம். வேறு எதற்கு? தை மாதம் என் தங்கச்சி சுகன்யா படுத்தபோதும் நீங்கள் ரொட்டிதான் வாங்கிப் போட்டீர்கள். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்லி, கண் மஞ்சளாகி, அவளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போன பிறகுதான் எங்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். நான் மலை ஏறி வந்து சேர்ந்தபோது கட்டிலுக்கு அடியில் பாதி பாக்கெட் ரொட்டி கிடந்தது. அதை நான் மறக்கவில்லை.

இப்போது சுசித்ராவுக்கா, சின்னவன் இனியவனுக்கா? பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரையும் என்னிடம் அனுப்புவது, ஜூனில் போடியில் பள்ளிக்கூடம் சேர்ப்பது என்று அவள் கருமாதியன்று பேசியிருக்கிறோம். அதற்குள் பிள்ளைகளுக்கு ஒன்று ஆகிவிட்டதென்றால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

நாளை சாயங்காலம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சுருளி


பூப்பாறை, மேல் லயம்
14 மார்ச்

மதினிக்கு ராஜாராம் வணக்கம்.

யாருக்கும் காய்ச்சல் இல்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள். வேண்டுமானால் காசிராஜனை வீட்டுக்குள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ரொட்டி ராத்திரிச் சாப்பாட்டுக்கு. கோடைக்காலம், ஏலச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சோலி. மோட்டாரை நிறுத்திவிட்டு நான் வீடு வர இருட்டிவிடுகிறது. அதற்கு மேல் சோறு வடித்துக் குழம்பு வைத்து முடியவில்லை. ரொட்டி என்றால் வெரசா முடிந்துவிடும்.

வேறு ஒன்றும் இல்லை. சகலையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராஜாராம்


ராசிங்காபுரம்
18 மார்ச்

மாப்ளே,

காய்ச்சல் இல்லை என்று எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகு யோசனையும் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி என்றால், ரொட்டிக்கு என்ன? எதைத் தொட்டுக்கொள்கிறார்கள்? அதை ஏன் எழுதவில்லை? நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பொம்பளை. முறத்தில் அள்ளிப் போட்டதுமே எது உள்ளே பொக்கு என்று கைக்குத் தெரிந்துவிடும். உங்கள் கடிதம் கனம் குறைச்சலாக இருந்தது.

அதனால் ஆயம்மாளிடம் கேட்டேன். அவள் மகள் உங்கள் லயத்து வரிசையில்தானே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஆயம்மாள் சனிக்கிழமை அங்கே தங்கிவிட்டு வந்தாள். வந்து இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏத்தா சுருளி, ஒன் தங்கச்சி வீட்ல கறி வாடை ஆளத் தூக்குது. ஆட்டுக்கறி வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்ல."

"பின்ன?"

"நான் எதுக்கு வாயால சொல்லணும்? மலையில என்ன கறி கெடைக்கும்னு ஒனக்குத் தெரியாதாக்கும். புள்ளைக கெக்கெக்கேன்னு சிரிக்குதுக. ஒரு பொம்பளக் கொரலு வேற கேட்டுச்சு. நான் எட்டிப் பாக்கல. எட்டிப் பாக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

மாப்ளே, கருமாதிக்கு மறுநாள் பிறந்த வீட்டு முறைக்கு நாங்கள்தான் ஆட்டுக்கறி எடுத்து வந்து சமைத்துப் போட்டோம். எல்லாரும் சாப்பிட்டார்கள். நீங்கள் மட்டும் இலையை மூடினீர்கள். "எறங்கல மதினி" என்றீர்கள். எனக்கு அது பெரிதாகப் பட்டது. என் தங்கச்சிமேல் வைத்த பாசம் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அந்தக் கறி இறங்காத தொண்டையில் இந்தக் கறி எப்படி இறங்குகிறது? அந்தப் பொம்பளை யார்?

சுருளி


மேல் லயம்
23 மார்ச்

மதினி,

ஆள் வைத்து வாடை பிடிக்கவேண்டாம். கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போத்துக்கறிதான், எருமைக்கறி. பூப்பாறைக் கடையில் மிசினில் போட்டுப் பொடியாக அரைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஆட்டுக் கொத்துக்கறி மாதிரி. அதை வதக்கி ரொட்டிக்குள் வைத்துத் தோசைக்கல்லில் சுட்டுக் கொடுக்கிறேன். இந்த மலையில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை வீட்டில் அந்தக் கறி வேகிறது என்று ஆயம்மாளிடமே கேளுங்கள். அவள் மருமகன் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்.

சுகன்யா இருந்தவரை இந்த வீட்டுக்குள் அது வந்ததில்லை. அவளுக்குப் பிடிக்காது. நான் வெளியே தின்றுவிட்டு வந்தாலும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுவாள். உங்களுக்கும் தெரியும். இப்போது வருகிறது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

பொம்பளைக் குரல் சுசித்ராவின் குரல். பதின்மூன்று வயசாகிறது, அவளுக்குக் குரல் பெரிதாகிவிட்டது. சிரிப்பு பிள்ளைகள் சிரிப்பு. தாய் இல்லாத பிள்ளைகள் சிரித்தால் அதையும் கணக்கில் எழுதுவீர்களா?

ராஜாராம்


ராசிங்காபுரம்
7 ஏப்ரல்

ராஜாராமுக்கு,

மாப்ளே என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்று நான் வந்தேன். சொல்லாமல் வந்தேன். சொல்லிவிட்டு வந்தால் எல்லாம் கழுவித் துடைத்து இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ பாத்திரக்கடைப் பக்கம் போயிருந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லது. நீ இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை பேசி, லயமே கூடியிருக்கும்.

சுசித்ராவின் குரல் என்று எழுதினாயே, அந்தக் குரலை நான் பார்த்தேன். என் தங்கச்சி அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தது. என்ன அரிதல்! நூல் நூலாக. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சேச்சி இருக்கூ, சாயா எடுக்கட்டே?" என்றது. என் தங்கச்சி வீட்டில் என்னை உட்காரச் சொல்ல இவள் யார்?

சுசித்ரா சொன்னாள், "பெரியம்மா, இது சாலிச் சேச்சி. மேல வீடு."

அந்தச் சாலி போட்டிருந்தது சுகன்யாவின் பச்சைச் சுவட்டர். போடியில் நான் எடுத்துக் கொடுத்தது. கையில் இரண்டாவது பட்டன் மாற்றுப் பட்டன், அதையும் நான்தான் தைத்தேன். என் கண் பொய் சொல்லாது.

அடுப்பில் அந்தக் கறி. தோசைக்கல்லில் ரொட்டி. ரொட்டிமேல் ஒரு தட்டு. தட்டுமேல் என்ன தெரியுமா? கல்யாணத்துக்கு நான் சீர் கொடுத்த அம்மிக்குழவி. சின்னவன் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு "புஸ்ஸு, புஸ்ஸு" என்று சிரிக்கிறான். பெரியம்மா வந்திருக்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். ஜீப் வர நேரமிருந்தது. போடிமெட்டு வரை கேரளா பஸ்ஸில் வந்து, அங்கே பனியில் நின்றேன்.

என் தங்கச்சி போய் மூன்று மாதம் முடியவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்று சுசித்ராவே சொன்னாள். பிள்ளைகளை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று இப்போது எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளைக் காட்டித்தான் அவள் வந்துபோக முடியும்.

அனுப்பு. இல்லாவிட்டால் ஊர்ப் பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

சுருளியம்மாள்


மேல் லயம்
12 ஏப்ரல்

மதினி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கோபமாக எழுதினால் உங்களுக்கு வசதியாகிவிடும். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சாலிச் சேச்சி பேரை அன்றைக்கு எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே ஜீப் ஏறியிருப்பீர்கள். அதனால் எழுதவில்லை. அது தப்புத்தான். அவருக்குப் புருசன் இருக்கிறார், குஞ்ஞுமோன் என்று பேர், ஸ்டோரில் என்னோடு ஏலக்காய் உலர்த்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிவருவது அவர்தான். நீங்கள் வந்த அன்றைக்கு நானும் அவரும் சேர்ந்துதான் பாத்திரக்கடைக்குப் போனோம், ஓட்டையான சோற்றுப்பானையை மாற்ற.

நீங்கள் எல்லாரும் கருமாதி முடிந்து இறங்கிய பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. முதல் வாரம் நான் சோறு வடித்து, சுகன்யா வைக்கிற மாதிரியே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே, தெரியும் என்று நினைத்தேன். சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா மாதிரி இல்ல" என்று தட்டைத் தள்ளினான். அடுத்த நாள் ரசம். "அம்மா மாதிரி இல்ல." தோசைக்கும் அதே. பருப்புக்கும் அதே. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, "அம்மா மாதிரி இனிமே இருக்காதுடா, தின்னுடா" என்று கத்திவிட்டேன். மூன்று பேரும் சாப்பிடாமல் படுத்தோம்.

பிறகு சுசித்ரா வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஓரளவு கை வந்தது. ஆனால் தாளிக்கும்போதே அழ ஆரம்பித்துவிடுவாள். வெங்காயம் என்பாள். வெங்காயமே போடாத ரசத்துக்கும் வெங்காயம் என்பாள்.

பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டான். ஒரு சாயங்காலம் சேச்சி வீட்டிலிருந்து ஒரு தட்டில் ரொட்டிக்குள் கறி வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சின்னவன் கடித்துவிட்டான். தின்றான் மதினி. இன்னொன்று கேட்டான். அம்மா பேச்சே எடுக்கவில்லை. சுசித்ராவும் தின்றாள். கண்ணைத் துடைக்காமல் அவள் தின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சுகன்யா செய்ததையெல்லாம் நான் செய்தால் அது குறைச்சலாகத்தான் இருக்கும். அவள் ஒருநாளும் செய்யாததைச் செய்தால் குறை சொல்ல ஆள் இல்லை. சேச்சியிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதில் சீரகம்கூட நான் போடுவதில்லை. சீரகம் வெடித்தால் அவள் வாசம் வந்துவிடுகிறது.

சுவட்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. விளக்கு ஏற்றும் நேரத்தில் அது ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். சின்னவன் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகமாட்டான். ஒரு மழை நாளில் சேச்சி நனைந்து வந்தபோது சுசித்ராதான் எடுத்துக் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

எலிக்காய்ச்சல் விசயத்தில் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள் என்று தெரியும். "அக்காட்டச் சொன்னா சோலியப் போட்டுட்டு ஓடியாந்துரும், சாதாரணக் காய்ச்சத்தான்" என்று அவள் சொன்னாள். நீங்கள் நம்பவேண்டாம்.

ராஜாராம்


ராசிங்காபுரம்
16 ஏப்ரல்

மாப்ளே,

படித்தேன். உங்கள் சகலையை விட்டும் ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. அவர் படித்து முடித்து, "பாவம்டி அவன்" என்றார். ஆம்பளைக்கு ஆம்பளை அப்படித்தான் பேசுவார்கள்.

குஞ்ஞுமோன் இருக்கட்டும். புருசன் இருக்கிற வீட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அதை நான் பேசவில்லை. வயிற்றுப் பேச்சை மட்டும் பேசுகிறேன்.

பிள்ளை "அம்மா மாதிரி இல்ல" என்று சொன்னான் என்றால் அது அவன் குற்றமா? உங்கள் கை அவள் கை இல்லை. அவ்வளவுதான். சுகன்யாவுக்கு ஏழு வயசில் எங்கள் அம்மா போய்விட்டது. அடுப்புப் பக்கம் அவளை உட்காரவைத்துப் புளி கரைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். உப்பு எத்தனை விரலால் அள்ளவேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியவள் நான். அவள் கை என் கைதான். என் குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் உங்களுக்கே வித்தியாசம் தெரியாது.

தாய்க் கை ருசி இங்கே என் அடுப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவள் வாயே கொப்பளிக்கச் சொன்ன கறியைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறீர்கள். ஒரு வருசம் போனால் அவர்களுக்கு அவள் ருசியே மறந்துபோகும். அதுதான் வேண்டுமா உங்களுக்கு? மறக்கவைப்பதில் யாருக்கு லாபம் என்று நான் கேட்டால் மட்டும் உங்களுக்குக் கோபம் வருகிறது.

இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். நான் எனக்காகக் கேட்கவில்லை.

சுருளி


மேல் லயம்
28 ஏப்ரல்

மதினி,

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஜீப்பிலேயே பிள்ளைகளும் வருகிறார்கள். சின்னவனுக்குக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும். முன் சீட்டில் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று பத்து நாளாக யோசித்தேன். இருக்கலாம். நான் அப்பன், எனக்குத் தெரிந்தது தண்ணீர் பாய்ச்சுவதும் காய் உலர்த்துவதும்தான். மே மாதம் முழுக்க இருக்கட்டும். அவர்களுக்கு ஒத்துப்போனால் போடியிலேயே சேர்த்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழுக்கு நான் இங்கே எழுதிக் கொடுக்கிறேன்.

அனுப்பிவிட்டு வந்து வீட்டில் உட்கார முடியாது. ஸ்டோரிலேயே படுத்துக்கொள்வேன்.

ராஜாராம்


ராசிங்காபுரம்
9 மே

மாப்ளே,

பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் பத்து நாளாக ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

வந்த மறுநாளே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். காலையிலேயே சந்தைக்குப் போய்ப் பிஞ்சாகப் பார்த்து வாங்கினேன். சோலிக்குப் போகவில்லை. நல்லெண்ணெய் ஊற்றி, வெந்தயம் சிவந்ததும் பூண்டைத் தட்டிப் போட்டு, அவள் எப்படி வைப்பாளோ அப்படி. நான் எப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ அப்படி. ருசி பார்த்தேன், அவள் குழம்பேதான். இன்றைக்குப் பாருடா மாப்ளே என்று மனசுக்குள் உங்களைத்தான் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் போட்டேன். சின்னவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். மெல்லாமல் அப்படியே நிறுத்தினான். என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்துபோச்சு மாப்ளே. அப்படி ஒரு சிரிப்பு. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, அம்மா எப்ப வந்துச்சு?" என்று கேட்டான்.

அவன் எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்குள் போனான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லுப் பக்கம் பார்த்தான். "அம்மா, அம்மா" என்று சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது எப்படி மெதுவாகக் கூப்பிடும், அப்படிக் கூப்பிட்டான். உங்கள் சகலை போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வேட்டியெல்லாம் குழம்பு.

செத்துப்போனது அவனுக்குத் தெரியாதா? தெரியும். கொள்ளிச்சட்டியைத் தொட்ட கைதானே. ஆனால் நாக்குக்குத் தெரியவில்லை.

சுசித்ரா சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்கூட எடுக்கவில்லை. "பெரியம்மா, நாளைக்கு வேற ஏதாச்சும் வைங்க" என்றாள். எனக்கு வேறு ஏதாச்சும் தெரியாதே மாப்ளே. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நான் எதை வைத்தாலும் அது அவள் வைத்ததுதான். இட்லிக்குக்கூட அவன் கதவைப் பார்க்கிறான்.

பத்து நாளாக எதிர்த்த கடைப் புரோட்டாவை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை எத்தனை நாள் போடுவது?

அதனால் கேட்கிறேன். அந்த ரொட்டியை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதுங்கள். என் வீட்டில் அந்தக் கறி ஏறாது. அதை மட்டும் கேட்காதீர்கள். ஆட்டுக் கொத்துக்கறியில் வருமா?

சாலியிடம் கேட்டு எழுதவேண்டாம். நீங்களாக எழுதுங்கள்.

சுருளி


மேல் லயம்
13 மே

மதினிக்கு,

கடிதத்தை ஸ்டோரில் வைத்துப் படித்தேன். குஞ்ஞுமோன் என்ன என்று கேட்டார். புகை என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீங்களும் அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். செய்முறை எழுதுகிறேன்.

ஆட்டுக்கறியில் வரும். கொழுப்பு கொஞ்சம் சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வறண்டுபோகும். கழுவினால் வடிகட்டியில் போட்டு நன்றாகப் பிழிந்துவிடவேண்டும். வெங்காயம் பொடியாக. சுசித்ராவிடம் கொடுங்கள், அவள் அரிந்து தருவாள். இஞ்சி பூண்டை நசுக்கிக்கொள்ளுங்கள். வெறும் சட்டியில் முதலில் கறியைப் போட்டு அதன் தண்ணீர் சுண்டும் வரை கிளறவேண்டும். கட்டி கட்டியாகப் பிடிக்கும், அகப்பையால் உடைத்துக்கொண்டே இருங்கள். பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு, நிறைய மிளகுத்தூள். கடைசியில் பாட்டிலில் விற்கிற தக்காளிச் சாஸ் இரண்டு கரண்டி. உதிரியாக வரும்போது இறக்கிவிடுங்கள். முட்டைக்கோசு இருந்தால் நூலாக அரிந்து பச்சையாகவே கலக்கலாம், கடித்தால் நறுக்கென்று இருக்கும்.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டு, நடுவில் கறியைப் பரப்பி, மேலே ஒரு ரொட்டி. அதன்மேல் தட்டு, தட்டின்மேல் குழவி. குழவியைச் சின்னவன் கையில் கொடுங்கள். அமுக்கும்போது ஓரத்தில் வெண்ணெய் புஸ்ஸென்று சீறும், அதற்குத்தான் அவன் சிரிக்கிறான். கையைச் சுட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு பக்கமும் சிவக்கவேண்டும். தீ சின்னதாக இருக்கட்டும்.

நீங்கள் தாளிக்கவேண்டாம். கை தன்னால் கடுகு டப்பாவுக்குப் போகும். எனக்கும் போனது.

ராஜாராம்


ராசிங்காபுரம்
26 மே

மாப்ளே,

செய்தேன். ரொட்டியும் வெண்ணெயும் போடியில் வாங்கினேன். கொத்துக்கறி போடுகிற காசிமாயன், "என்னக்கா, விருந்தாளா?" என்றான். ஆமாம் என்றேன்.

முதல் நாள் தீயைக் கூட்டிவிட்டேன். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை ரொட்டி. உங்கள் சகலை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னடி, பஸ்டாண்டுல விக்கிற சாமான் மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மூன்று தின்றார். சுசித்ரா இரண்டு தின்றாள். அவளே தட்டுக் கழுவினாள், கழுவும்போது பள்ளிக்கூடத்துப் பேச்சு ஏதோ பேசினாள். இங்கே வந்து அவள் தன்னால் வாயைத் திறந்து பேசினது அன்றைக்குத்தான்.

சின்னவன் குழவியை அமுக்கினான், சிரித்தான், ஒன்றைத் தின்று முடித்தான். எழுந்திருக்கவில்லை. கதவைப் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னான்:

"அப்பா சுட்டா மொறுமொறுன்னு இருக்கும் பெரியம்மா. இது சவசவன்னு இருக்கு."

நான் இரண்டு வாரம் அதையே சுட்டுப் பார்த்துவிட்டேன் மாப்ளே. இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது, என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கித் தின்கிறார். ஆனால் அவன் தினமும் அதையேதான் சொல்கிறான். அப்பா சுட்டா, அப்பா சுட்டா. நேற்று, "அப்பாகிட்ட எப்பப் போறோம்?" என்றும் கேட்டுவிட்டான்.

இல்லாத ஆளைக் கேட்டால் நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்? இருக்கிற ஆளைக் கேட்கிறான். அதுக்கு ஜீப் இருக்கிறது.

முப்பத்தி ஒன்றாம் தேதி காசிராஜனோடு இரண்டு பேரையும் ஏற்றிவிடுகிறேன். அங்கேயே பள்ளிக்கூடம் போகட்டும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். போடியில் பேசி வைத்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து படுத்தவள் மறுநாள்தான் எழுந்தேன். அது என் பாடு.

சோலி முடிந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஸ்டோரில் படுக்கிற பழக்கம் இனிமேல் வேண்டாம். சுசித்ராவைத் தனியாக அடுப்புப் பற்றவைக்க விடாதீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் வருவேன். சொல்லாமல்தான் வருவேன்.

அந்தச் சாலி விசயத்தில் நீங்கள் எழுதினதெல்லாம் நிஜமாகவே இருக்கலாம். புருசன் இருக்கலாம், கறி வாங்கலாம், எல்லாம் இருக்கலாம். நான் இன்னும் நம்பவில்லை. நம்பாமலேதான் பிள்ளைகளை அனுப்புகிறேன்.

சுருளி